ஆயிலர்ஸின் முதல் என்.எச்.எல். சீசன் (1979–80): வரவேற்பா, வழிப்பறியா?

#1 கோடுதாண்டி

பழைய ஐஸ் ஹாக்கி பற்றி யாராவது இழை தொடங்குவார்கள் என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. சரி, நானே தொடங்குகிறேன்.

எட்மண்டன் ஆயிலர்ஸ் என்றதும் எல்லோருக்கும் வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் அவர்கள் வென்ற ஐந்து ஸ்டான்லி கோப்பைகள்தான் ஞாபகம் வரும். எனக்குப் பிடித்தது கோப்பையே இல்லாத 1979–80. டபிள்யூ.எச்.ஏ. என்ற போட்டி லீக் மூடப்பட்டு, அதிலிருந்த எட்மண்டன், வின்னிபெக், கியூபெக், ஹார்ட்ஃபோர்ட் ஆகிய நான்கு அணிகள் என்.எச்.எல்.லுக்குள் போன வருடம் அது.

போனார்கள் என்றால் மாலை மரியாதையோடு அல்ல. தலைக்கு 60 லட்சம் அமெரிக்க டாலர் நுழைவுக் கட்டணம். அதைக் கட்டிய பிறகு உன் அணியில் இரண்டு கோல்கீப்பர், இரண்டு ஆட்டக்காரர், இத்தனை பேரைத்தான் நீ வைத்துக்கொள்ளலாம். மீதிப் பேரில் யார்மீதாவது பழைய என்.எச்.எல். அணி எதற்காவது டிராஃப்ட் உரிமை (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்) இருந்தால், அந்த அணி வந்து கூட்டிக்கொண்டு போய்விடும். உனக்கு நயா பைசா கிடையாது. காலியான இடத்தைப் பழைய அணிகள் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களை வைத்து நிரப்பிக்கொள். இளம் ஆட்டக்காரர்களுக்கான டிராஃப்டிலும், புது அணிக்கு முன்வரிசை என்ற வழக்கமான சலுகை இல்லை. கடைசி நான்கு இடங்கள்தான். எட்மண்டனுக்குக் கிடைத்தது கடைசியிலும் கடைசி, 21ஆவது இடம்.

வீட்டுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, உள்ளே போவதற்குள் கட்டில் பீரோவை எல்லாம் தூக்கிக்கொண்டு போன கதை. இதற்குப் பெயர் ‘விரிவாக்கம்’. இணைப்பு என்று சொல்லக்கூட என்.எச்.எல்.லுக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஆயிலர்ஸ் முதல் வருடமே கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. எப்படி என்று பேசலாமா?

#2 மூணாவது ஸ்லிப்

எனக்குக் கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது. இந்த டபிள்யூ.எச்.ஏ. என்பது ஆஸ்திரேலியாவில் பேக்கர் போட்டியாக நடத்திய கிரிக்கெட் மாதிரியா?

#3 கோடுதாண்டி

ஸ்லிப், கிட்டத்தட்ட அதேதான். பேக்கர் சமாதானமானதும் இதே 1979இல்தானே. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே ஆட்டக்காரர்கள் அவரவர் நாட்டு அணிக்குத் திரும்பினார்கள், முடிந்தது. இங்கே ஊர்களும் அரங்கங்களும் டிக்கெட் வாங்கிய ஜனமும் இருந்தார்கள். அவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது?

டபிள்யூ.எச்.ஏ. 1972இல் ஆரம்பித்தது. முதல் வருடமே சிகாகோவின் பாபி ஹல்லை வின்னிபெக் தூக்கியது. கையெழுத்துப் போட மட்டும் 10 லட்சம் டாலர். அதுவரை முதலாளி கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆடியவர்களுக்கெல்லாம் சம்பளம் ஏறத் தொடங்கியது அங்கிருந்துதான். என்.எச்.எல். முதலாளிகளுக்கு அந்த லீக்கின் மேல் ஏன் அத்தனை எரிச்சல் என்று இப்போது புரியும்.

1979 மார்ச் 8ஆம் தேதி முதல் வாக்கெடுப்பு. 17 அணிகளில் 13 வேண்டும், கிடைத்தது 12. மாண்ட்ரியல், டொராண்டோ, பாஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், வான்கூவர் எதிர்த்தன. கனடாவில் தொலைக்காட்சிப் பணத்தை மூன்று அணிகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன, அதை ஆறாக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் மாண்ட்ரியல் அணி அப்போது மோல்சன் பீர் கம்பெனியின் கையில் இருந்தது. எட்மண்டன், வின்னிபெக், கியூபெக் ஊர்க்காரர்கள் மோல்சன் பீர் குடிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். மார்ச் 22ஆம் தேதி மறு வாக்கெடுப்பு. மாண்ட்ரியலும் வான்கூவரும் மனம் மாறின. 14-க்கு 3.

பீரைக் குடிக்காமல் ஒரு லீக்கைத் திறந்த ஜனம் வேறெங்காவது உண்டா தெரியவில்லை.

#4 எண்கணக்கு

அனுதாபமெல்லாம் சரி. புள்ளிப்பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். ஆயிலர்ஸ் 80 ஆட்டம், 28 வெற்றி, 39 தோல்வி, 13 சமன், 69 புள்ளி. போட்டது 301 கோல், வாங்கியது 322. இருபத்தொரு அணியில் 16ஆவது இடம். அந்த வருடம் 16 அணிகளுக்குப் பிளேஆஃப் என்பதால் உள்ளே வந்தார்கள். இதைச் சாதனை என்றால் முப்பத்தைந்து மார்க் எடுத்த பையனுக்கு நாமெல்லாம் பூரண கும்பம் எடுக்க வேண்டும்.

ஹார்ட்ஃபோர்ட் 73, கியூபெக் 61, வின்னிபெக் 51. டபிள்யூ.எச்.ஏ.வின் கடைசிச் சாம்பியனே வின்னிபெக்தான். சாம்பியன் வந்து புள்ளிக் கணக்கில் கடைசி இடத்தைப் பங்குபோட்டு நின்றது என்றால் அந்த லீக்கின் தரம் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிரெட்ஸ்கி என்ற ஒரு பையன் மட்டும் இல்லாவிட்டால் எட்மண்டனும் அங்கேதான் இருந்திருக்கும்.

#5 ஸ்காபரோ பெரியப்பா

தம்பி எண்கணக்கு, நீர் கணக்கை வடிவாகப் போடுகிறீர். ஆனால் கழித்த பிறகு மிச்சத்தை மட்டும் பார்த்துவிட்டு, முதலே இவ்வளவுதான் இருந்தது என்கிறீர்.

வின்னிபெக் ஜெட்ஸ் 1979 மே மாதம் எட்மண்டனை ஆறு ஆட்டத்தில் வென்று டபிள்யூ.எச்.ஏ.வின் ஆவ்கோ கோப்பையை எடுத்தது. ஒக்டோபரில் பனியில் இறங்கியது அந்த அணி அல்ல. தொடர்ந்து இரண்டு வருடம் 107 புள்ளி (ஆட்டக்காரருக்குப் புள்ளி என்றால் கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்டும் சேர்ந்த கணக்கு) எடுத்த கென்ட் நில்சனை அட்லாண்டா கொண்டுபோனது. டெரி ரஸ்கவுஸ்கியும் ரிச் பிரெஸ்டனும் சிகாகோவுக்கு. அட்லாண்டாவில் நில்சன் அந்த வருடம் 40 கோல் போட்டார், 93 புள்ளி எடுத்தார். லீக்கின் தரம் குறைவென்றால் அவர் எப்படி அங்கே போய் இதைச் செய்தார்? ஜெட்ஸின் நிலைமை அடுத்த வருடம் இன்னும் மோசம். 1980–81இல் 80 ஆட்டத்தில் 9 வெற்றி. நடுவில் முப்பது ஆட்டம் தொடர்ந்து வெற்றியே இல்லை.

நான் கனடாவுக்கு வந்தது 1987இல். ஒரு அறையில் ஏழு பேர். சனிக்கிழமை இரவு தொலைக்காட்சியில் ஹாக்கி போகும். முதல் மாதம் முழுக்க எனக்குப் பக் (அடித்து ஆடுகிற ரப்பர் வட்டு) கண்ணில் படவே இல்லை, ஆட்கள் ஏன் அடிபடுகிறார்கள் என்றும் விளங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்தான், பக்கைப் பார்க்காதே, ஆட்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பார் என்றார். அன்று கண்ணில் பட்ட முதல் ஆள் 99ஆம் எண் சட்டை போட்ட கிரெட்ஸ்கி. பக் இருக்கிற இடத்தில் அவர் நிற்கவே மாட்டார், கொஞ்ச நேரத்தில் பக் அவரிடம் வந்து சேரும்.

#6 மூணாவது ஸ்லிப்

பெரியப்பா, ஒரு சந்தேகம். இரண்டு பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் சரி, கிரெட்ஸ்கி அதில் ஒருவர். ஆனால் அத்தனை பெரிய ஆளை என்.எச்.எல். எப்படி விட்டுவைத்தது? டிராஃப்டில் போடு என்று கேட்டிருக்கலாமே?

#7 கோடுதாண்டி

இந்தக் கதைக்கு நானே வருகிறேன்.

1978இல் கிரெட்ஸ்கிக்கு 17 வயது. என்.எச்.எல். அந்த வயதில் யாரையும் சேர்க்காது. டபிள்யூ.எச்.ஏ.வின் இண்டியானாபொலிஸ் ரேசர்ஸ் முதலாளி நெல்சன் ஸ்கல்பேனியா அவரை ஒப்பந்தம் செய்தார். எட்டே ஆட்டம். ஸ்கல்பேனியாவுக்குக் கையில் காசு தட்டுப்பாடு, அந்த நவம்பரிலேயே பையனையும் கூட இரண்டு பேரையும் எட்மண்டன் முதலாளி பீட்டர் பாக்லிங்டனுக்கு விற்றுவிட்டார். கூட வந்த இரண்டு பேரில் ஒருவர் எடி மியோ, கோல்கீப்பர். அவர் பெயர் கீழே மறுபடியும் வரும்.

1979 ஜனவரி 26ஆம் தேதி, பதினெட்டாவது பிறந்தநாள் அன்று, அரங்கத்தில் ரசிகர்கள் பார்க்க, பனித்தளத்தின் நட்டநடுவில் மேசை போட்டுப் பையனிடம் கையெழுத்து வாங்கினார்கள். 21 வருட ஒப்பந்தம், 1999 வரை. ஆயிலர்ஸ் அணியோடு அல்ல, பாக்லிங்டன் என்ற தனி மனிதரோடு. லீக் மூடினாலும் ஒப்பந்தம் மூடாது. டிராஃப்டில் இவரை எடுக்கிற அணிக்கு வழக்குதான் மிஞ்சும். கடைசியில், பாதுகாக்கும் இருவரில் ஒருவராக வைத்துக்கொள் என்று லீக் விட்டுக்கொடுத்தது.

இரண்டாவது ஆளாக ஸ்வீடன்காரர் பெங்ட்-ஓகே குஸ்தாஃப்சனை வைக்கப் பார்த்தார்கள். பிளேஆஃபில் மட்டும் ஆடியவர், செல்லாது என்று லீக் சொல்லி வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டது. சீசன் முடிவில் வாஷிங்டன் 67 புள்ளி, எட்மண்டன் 69. இரண்டே புள்ளியில் வாஷிங்டன் வெளியே, எட்மண்டன் உள்ளே. குஸ்தாஃப்சன் அந்தப் பக்கம் நின்று பார்த்திருப்பார்.

#8 நீலக்கோட்டுக் கண்ணம்மா

வணக்கம். எட்மண்டனில்தான் வேலை, மைனஸ் முப்பதில் பேருந்துக்கு நிற்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. எல்லோரும் கிரெட்ஸ்கியைப் பேசுகிறீர்கள். என் கண்ணுக்கு அந்த வருடத்தின் உண்மையான விஷயம் டிராஃப்ட்தான். கடைசி இடத்தில் தள்ளினார்கள் இல்லையா, அங்கே நின்றுகொண்டு என்ன எடுத்தார்கள் என்று பாருங்கள்.

முதல் சுற்று, 21ஆவது தேர்வு, கெவின் லோ. நான்காவது சுற்று, 69ஆவது, கிளென் ஆண்டர்சன். நடுவில் மூன்றாவது சுற்று, 48ஆவது, மார்க் மெஸ்ஸியே. மூன்று பேருமே பிற்பாடு ஹாக்கியின் புகழ் மண்டபத்துக்குப் போனார்கள்.

அந்த 48ஆவது தேர்வே எட்மண்டனுடையது இல்லை என்பதுதான் சுவாரசியம். டேவ் செமென்கோ ஞாபகம் இருக்கிறதா? கிரெட்ஸ்கிமேல் யாராவது கைவைத்தால் கேட்கப் போகிற ஆள். டபிள்யூ.எச்.ஏ.வின் கடைசி கோலைப் போட்டவரும் அவரே. மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் தன் உரிமையைக் காட்டி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆயிலர்ஸ் பயிற்சியாளர் கிளென் சேதர் போய்ப் பேரம் பேசினார். எட்மண்டனின் இரண்டாவது, மூன்றாவது சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து செமென்கோவையும் மினசோட்டாவின் மூன்றாவது சுற்றுத் தேர்வையும் வாங்கினார். அதில் வந்தவர்தான் மெஸ்ஸியே.

முந்தின வருடம் டபிள்யூ.எச்.ஏ.வில் மெஸ்ஸியே போட்ட கோல் எத்தனை தெரியுமா? 52 ஆட்டத்தில் ஒன்று. பக்கத்துவீட்டுப் பையன் என்பதால் எடுத்தார்கள் என்று அப்போது சிரித்திருப்பார்கள். பையன் எட்மண்டன்காரன் என்பது உண்மைதான்.

#9 எண்கணக்கு

கண்ணம்மா, இது என் கட்சிக்குத்தானே சாட்சி? மெஸ்ஸியே, லோ, ஆண்டர்சன் எல்லாம் என்.எச்.எல். டிராஃப்ட் கொடுத்தவர்கள். ஆண்டர்சன் 1979–80இல் ஆயிலர்ஸுக்கு ஆடவே இல்லை. முதல் சீசனைப் பற்றிப் பேசும்போது பின்னாடி வந்த கோப்பையைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

அப்புறம், முதல் சீசன் என்றால் வேகாஸ் கோல்டன் நைட்ஸ் என்ற புது என்.எச்.எல். அணி இருக்கிறதே. 2017–18இல் 51 வெற்றி, 109 புள்ளி, நேரே இறுதிப் போட்டி. அதுதான் முதல் சீசன்.

#10 கோடுதாண்டி

வேகாஸ் கட்டியது 50 கோடி டாலர். அதற்குத் தகுந்தாற்போல் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் விதியும் தாராளமாக இருந்தது. ஒருவரிடம் இருந்ததைப் பிடுங்குவதும் ஒன்றுமில்லாதவருக்குப் பந்தி வைப்பதும் ஒன்றா? அதற்குத் தனி இழை போடுங்கள், வந்து சண்டை போடுகிறேன்.

ஆண்டர்சன் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன்.

#11 நீலக்கோட்டுக் கண்ணம்மா

சரி, அந்த ஒரு வருடத்தையே பார்ப்போம்.

அக்டோபர் 10, சிகாகோவில் முதல் ஆட்டம். 4-2 தோல்வி. ஆயிலர்ஸின் முதல் என்.எச்.எல். கோல் கெவின் லோவுடையது, கிரெட்ஸ்கிக்கு அசிஸ்ட். நான்கு நாள் கழித்து எட்மண்டனில் வான்கூவரோடு. 4-3 என்று பின்தங்கி நிற்கிறார்கள், ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் ஒன்பது விநாடியும் பாக்கி. வான்கூவர் கோல்கீப்பர் கிளென் ஹான்லனைத் தாண்டிப் பக் உள்ளே போகிறது. 4-4. கிரெட்ஸ்கியின் முதல் என்.எச்.எல். கோல் அது.

கிரெட்ஸ்கியின் ஒரு பக்கம் பிரெட் கேலிஹன், இன்னொரு பக்கம் பிளேர் மெக்டொனால்ட். மெக்டொனால்ட் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. அந்த வருடம் 46 கோல், 94 புள்ளி. பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதால் வந்தது என்று எண்கணக்கு சொல்வார். நின்றவர் பக்கை வலைக்குள் போட்டாரா இல்லையா?

கோல் வாங்குவதில்தான் பெரிய தலைவலி. ஒரே சீசனில் ஆறு கோல்கீப்பர்கள். மியோ, டேவ் டிரைடன் (மாண்ட்ரியலின் கென் டிரைடனின் அண்ணன்), ஜிம் கோர்ஸி, இன்னும் மூன்று பேர். கோர்ஸிக்கு என்.எச்.எல்.லில் அந்த ஒரு சீசன்தான், 26 ஆட்டம். ஆனால் இன்று ஹாக்கிப் புள்ளிவிவரம் பார்க்கிற யாரும் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு வரி எழுத முடியாது. எண்கணக்கு தினம் தினம் எடுத்துவிடும் ‘கோர்ஸி’ சதவீதம் (எந்த அணி எத்தனை ஷாட் முயன்றது என்ற கணக்கு) இவர் பெயரில் வந்ததுதான்!

#12 எண்கணக்கு

இது எனக்கே புதுச் செய்தி. சபாஷ்.

#13 ஸ்காபரோ பெரியப்பா

கோல்கீப்பர் கதையில் ஒரு கசப்பான பக்கம் இருக்கிறது.

அணித்தலைவர் ரான் சிப்பர்ஃபீல்ட். டபிள்யூ.எச்.ஏ. காலத்து ஆள், என்.எச்.எல்.லில் ஆயிலர்ஸின் முதல் தலைவர். 1980 மார்ச்சில், பரிமாற்றக் கெடு முடிகிற அன்று, அவரை கியூபெக்குக்குக் கொடுத்துவிட்டு ரான் லோ என்ற கோல்கீப்பரை வாங்கினார் சேதர். (கெவின் லோவுக்கும் இவருக்கும் ஒட்டு உறவில்லை, ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு.) அந்த நேரம் சிப்பர்ஃபீல்டின் தாயார் மரணப் படுக்கையில் இருந்தார், அவர் தாயாரோடு இருந்தார். ஒரு தலைவனை அனுப்புகிற நேரமா அது?

ஆனால் ரான் லோ வந்து 11 ஆட்டத்தில் 8 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். அந்த எட்டு இல்லையென்றால் பிளேஆஃப் இல்லை. இதை வைத்துச் சேதர் செய்தது சரி என்று ஆட்கள் கதைப்பார்கள். எனக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை. தலைவர் பட்டை பிளேர் மெக்டொனால்டுக்குப் போனது.

#14 கோடுதாண்டி

என்னை இந்த இழையைத் தொடங்க வைத்த விஷயத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

கிரெட்ஸ்கி அந்த வருடம் 79 ஆட்டத்தில் 51 கோல், 86 அசிஸ்ட், 137 புள்ளி. பிப்ரவரி 15ஆம் தேதி வாஷிங்டனோடு ஒரே ஆட்டத்தில் ஏழு அசிஸ்ட். மார்ச் 29ஆம் தேதி டொராண்டோவில், சின்ன வயதில் அவர் பார்த்து வளர்ந்த மேப்பிள் லீஃப் கார்டன்ஸில், இரண்டு கோல், நான்கு அசிஸ்ட், ஆட்டம் 8-5. ஏப்ரல் 2ஆம் தேதி ஐம்பதாவது கோல், அந்த எண்ணிக்கையைத் தொட்டவர்களில் அதுவரை மிக இளையவர்.

லாஸ் ஏஞ்சலஸின் மார்செல் டியோனும் 137. டியோனுக்கு இரண்டு கோல் கூட, அதனால் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பை அவருக்கு. விதி அப்படி, குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிறந்த அறிமுக ஆட்டக்காரருக்கான கால்டர் கோப்பைக்கு வாருங்கள். கிரெட்ஸ்கி போட்டியிலேயே இல்லை. ஏன்? டபிள்யூ.எச்.ஏ.வில் ஒரு வருடம் ஆடிவிட்டாராம், அதனால் புதுமுகம் கிடையாதாம். சரி, அப்படியானால் அந்த லீக்கில் அவர் எடுத்த 110 புள்ளி என்.எச்.எல். கணக்கில் சேருமா? சேராது, அதெல்லாம் வேறு லீக்.

பரிசு என்று வந்தால் அது தொழில்முறை லீக். கணக்கு என்று வந்தால் அப்படி ஒரு லீக்கே இல்லை. ஏழு வருட ஹாக்கியை ஒரே வாயால் உண்டு என்றும் இல்லை என்றும் சொன்னார்கள். எண்கணக்கு, இதற்குப் பதில் சொல்லுங்கள்.

#15 எண்கணக்கு

கால்டர் வாங்கிய ரே போர்க் ஒன்றும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அதே வருடம் கிரெட்ஸ்கிக்கு லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையைக் கொடுத்தார்கள், கண்ணியமான ஆட்டத்துக்கான லேடி பிங்கும் கொடுத்தார்கள். வஞ்சம் வைத்திருந்தால் ஹார்ட் எப்படிக் கொடுப்பார்கள்?

ஆனால் நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். புதுமுகம் இல்லை என்றால் புள்ளியைச் சேர்த்திருக்க வேண்டும். புள்ளி சேராது என்றால் புதுமுகம். இரண்டில் ஒன்று. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

#16 மூணாவது ஸ்லிப்

எண்கணக்கிடம் பதில் இல்லையா! இந்த நாளைக் குறித்து வைக்கிறேன்.

பிளேஆஃபில் என்ன ஆனது?

#17 ஸ்காபரோ பெரியப்பா

பதினாறாவது ஆளுக்கு முதலாவது ஆள்தான் எதிரி. ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ், 116 புள்ளி, அந்த வருடம் தொடர்ந்து 35 ஆட்டம் தோற்காத அணி. ஐந்து ஆட்டத் தொடர்.

முதல் ஆட்டம் ஃபிலடெல்ஃபியாவில், கூடுதல் நேரத்தில் பாபி கிளார்க் போட்டார், 4-3. இரண்டாவது 5-1, அதைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை. மூன்றாவது எட்மண்டனில், ஏப்ரல் 11. 2-2, முதல் கூடுதல் நேரம் முடிந்தும் 2-2. இரண்டாவது கூடுதல் நேரத்தில், நாலு நிமிடம் ஆவதற்குள் கென் லின்ஸ்மன் போட்டார். மூன்றுக்குப் பூச்சியம் என்று தாளில் பார்த்தால் துடைத்தெறிந்தது போல் இருக்கும். அதில் இரண்டு ஆட்டம் கடைசி வரை யாருக்கென்று தெரியாது.

அன்று ஹார்ட்ஃபோர்டும் மாண்ட்ரியலிடம் மூன்றுக்குப் பூச்சியம். ஹார்ட்ஃபோர்டின் கார்டி ஹவ் 80 ஆட்டமும் ஆடி 15 கோல் போட்டிருந்தார். சீசன் முடிகிற வாரம் அவருக்கு வயது 52.

#18 நீலக்கோட்டுக் கண்ணம்மா

பெரியப்பா, லின்ஸ்மன் பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே போகிறீர்களே!

இருபது வயதுக்குக் கீழ் யாரும் ஆடக்கூடாது என்று டபிள்யூ.எச்.ஏ.வே ஒரு விதி வைத்திருந்தது. 1977இல் அதை எதிர்த்து அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போன பத்தொன்பது வயதுப் பையன் இந்த லின்ஸ்மன்தான். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, அந்த லீக்கின் பர்மிங்ஹாம் அணியில் போய் ஆடினார். அடுத்த வருடம் பதினேழு வயது கிரெட்ஸ்கியை ஒரு முதலாளி ஒப்பந்தம் செய்ய முடிந்ததும், மெஸ்ஸியே அந்த லீக்கில் ஒற்றைக் கோல் போட முடிந்ததும் அவர் திறந்த கதவு வழியாகத்தான். அந்தப் பையன்களின் முதல் என்.எச்.எல். சீசனை முடித்துவைத்தவரும் அவரே.

1982இல் சேதர் அவரை எட்மண்டனுக்கே வாங்கி வந்தார். 1984இல் ஆயிலர்ஸ் முதல் ஸ்டான்லி கோப்பையை எடுத்த ஆட்டத்தில், வெற்றியைத் தீர்மானித்த கோல் யாருடையது என்று தேடிப் பாருங்கள்.

#19 எண்கணக்கு

தேடினேன். லின்ஸ்மன். 5-2.

கோடுதாண்டி, வேகாஸ் இழை நாளைக்குத் திறக்கிறேன். தயாராக வாருங்கள்.